சிலிண்டருக்குள் ஓசையில்லாமல் ஒரு கொதி

தீபாவளிக்கு முறுக்கு சுடும் நாளில் எங்கள் வீட்டு சிலிண்டருக்கு வேர்க்கும். இரண்டு பர்னரும் காலையிலிருந்து முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்க, பதினோரு மணி வாக்கில் பார்த்தால் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் மட்டும் பொடிப்பொடியாக நீர்த்துளி கட்டியிருக்கும், மேல்பாதி காய்ந்து கிடக்கும். அம்மா அந்தக் கோட்டின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பாதி இருக்கு, அதிரசத்துக்கும் காணும்" என்பார். அவர் சொன்ன கணக்கு தப்பியதில்லை. அம்மாவின் கை அனுபவம் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, சிலிண்டர் தன் இருப்பைத் தானே வெளியே எழுதிக் காட்டுகிறது.

கேஸ் என்று பேர் வைத்துவிட்டோமே தவிர, வீட்டுக்கு வரும் சிலிண்டரில் இருப்பதில் பெரும்பகுதி திரவம். சந்தேகமாக இருந்தால் பெட்டிக்கடையில் விற்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் லைட்டர் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் போல ஒன்று ஆடும். அதுதான் பியூட்டேன். நம் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கலவை. வெறும் காற்றழுத்தத்தில் பியூட்டேனின் கொதிநிலை சுமார் 0 டிகிரி, புரொப்பேனுடையது மைனஸ் 42 டிகிரி. அதாவது நம் ஊர் வெயிலுக்கு இரண்டுமே திறந்த பாத்திரத்தில் ஒரு நிமிஷம் நிற்காது, கொதித்துப் பறந்துவிடும்.

அப்புறம் எப்படி திரவமாக இருக்கிறது? அழுத்தம். கொதித்தல் என்றாலே 100 டிகிரி, அடுப்பு, குமிழி என்று பள்ளிக்கூடத்தில் மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் ஒரு திரவத்திலிருந்து கிளம்பும் ஆவியின் அழுத்தம், மேலேயிருந்து அதை அழுத்துகிற அழுத்தத்தை எட்டிவிட்டால் கொதி தொடங்கிவிடும், அவ்வளவுதான். மூடிய சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்றால், திரவத்தில் கொஞ்சம் ஆவியாகி மேலே இருக்கும் காலி இடத்தை நிரப்புகிறது, நிரம்ப நிரம்ப அழுத்தம் ஏறுகிறது, ஒரு கட்டத்தில் எத்தனை துகள்கள் திரவத்தை விட்டு மேலே போகின்றனவோ அத்தனையே திரும்பி உள்ளே விழுகின்றன. அதோடு இழுபறி நின்றுவிடும். நம் அறை வெப்பத்தில் அந்த அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஐந்தாறு மடங்கு.

இப்போது அடுப்பைத் திறக்கிறீர்கள். மேலே இருந்த ஆவியில் கொஞ்சம் ரெகுலேட்டர் வழியாக வெளியேற, அழுத்தம் ஒரு இம்மி குறைகிறது. உடனே கீழே உள்ள திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ஆக, நாம் அடுப்பில் பால் காய்ச்சும்போது அதற்குக் கீழே இன்னொரு கொதி நடந்துகொண்டிருக்கிறது, நெருப்பே இல்லாமல்.

நெருப்பு இல்லையே தவிர, வெப்பம் இல்லாமல் நடக்காது. திரவத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் துகள்களைப் பிரித்து அனுப்ப ஆற்றல் வேண்டும். பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று வருமே, அதுதான். ஒரு கிலோ திரவம் ஆவியாக, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமான வெப்பமே வேண்டியிருக்கிறது. அதை யார் தருவது? முதலில் திரவமே தன்னிடம் உள்ளதைச் செலவழித்துக் குளிர்கிறது, அப்புறம் சிலிண்டரின் இரும்பு, அதற்கப்புறம் சமையலறைக் காற்று. ஒரு பர்னர் மட்டும் எரிந்தால் மணிக்கு 150, 200 கிராம்தான் செலவு. அதற்கு வேண்டியது ஒரு எல்இடி டியூப்லைட் எடுக்கும் 20 வாட் அளவு. காற்று அதைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடும். முறுக்கு நாளில்தான் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் சிலிண்டர் குளிர்கிறது.

குளிர்வது திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் மட்டும். மேலே வெறும் ஆவி, அங்கே கொதி இல்லை. ஐப்பசியின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பாதியில் பட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் போலத் துளியாகிறது. வேர்வைக் கோடு நிற்கும் உயரமே திரவத்தின் உயரம். (வேர்க்காத நாளில் ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை துடைத்துவிட்டுப் பாருங்கள். மேல்பகுதி சீக்கிரம் காயும், திரவம் இருக்கும் பகுதி நேரம் எடுத்துக்கொள்ளும்.)

கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் போனால் இதையே பெரிய அளவில் பார்க்கலாம். பெரிய பர்னர் மணிக்கு ஒன்றிரண்டு கிலோ கேட்கும், அதாவது வீட்டைப் போல் பத்து மடங்கு. 19 கிலோ சிலிண்டர் வேர்ப்பதோடு நிற்காது, அடியில் வெள்ளையாகப் பனி படரும். உள்ளே திரவம் குளிரக் குளிர ஆவியின் அழுத்தமும் இறங்கி, சாம்பார் கொதிக்கிற நேரம் பார்த்துத் தீ சுணங்கும். அதற்குத்தான் சமையல்காரர்கள் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி வைக்கிறார்கள். குளிர்விக்க இல்லை, சூடேற்ற! சாதாரணக் குழாய்த் தண்ணீர் அந்த சிலிண்டருக்கு வெந்நீர் மாதிரி. சுடுதண்ணீர் ஊற்றுவது, பக்கத்தில் அடுப்பு வைப்பது எல்லாம் வேறு கதை, உள்ளே அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும், விபரீதம். தீர்ந்துபோன சிலிண்டரைப் படுக்க வைத்துக் கடைசிச் சொட்டை எடுக்கும் வித்தையும் வேண்டாம். படுக்கவைத்தால் ட்யூபுக்குள் திரவமே வந்துவிடலாம், ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவியாக விரியும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று மொத்தமாக ஆவியானால் மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் ஆறு நிரம்பி மிச்சமும் இருக்கும். ஒரு சமையலறை மூலையில் அதை அடக்கி வைக்கத்தான் திரவமாக்குகிறார்கள்.

சரி, பைக் டயருக்கு இருக்கிற மாதிரி ஒரு அழுத்தமானி வைத்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடாதா? எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான். தெரியாது. உள்ளே 14 கிலோ இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும், திரவம் என்று கொஞ்சம் இருக்கும்வரை அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றேதான். அது அளவைப் பார்ப்பதில்லை, வெப்பநிலையைத்தான் பார்க்கிறது. ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டரில் முள் படிப்படியாக இறங்குவது உள்ளே இருப்பது முழுக்க வாயு என்பதால். ஆட்டோவில் போடும் சிஎன்ஜியும் அப்படியே. அது மீத்தேன், மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே போகாமல் எத்தனை அழுத்தினாலும் திரவமாகாது. நம் சிலிண்டரோ கடைசி வரை கெத்தாக எரிந்து, திரவம் தீர்ந்த பிறகு பொசுக்கென்று சோர்ந்துபோகும், பெரும்பாலும் இட்லி வேகும்போது. நம்பிக்கையான வழி எடை போடுவதுதான். காலி எடை சிலிண்டரின் மேலேயே பெயின்ட்டில் எழுதியிருக்கும், அதைக் கழித்தால் போதும்.

இதுவரை சொன்னதில் ஒரு பொருள்கூட மாறவில்லை. பியூட்டேன் திரவமாக இருந்தாலும் ஆவியாக இருந்தாலும் பியூட்டேன்தான், திரும்ப அழுத்தினால் திரும்பத் திரவம். பர்னரின் துளையைத் தாண்டிய பிறகுதான் மாற்றமே நடக்கிறது. அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகிவிடுகிறது, எப்படி அழுத்தினாலும் இனி கேஸாகத் திரும்பாது.

ஆமாம், தண்ணீர். எங்கள் பாட்டி ஒருமுறை புதுசாக வாங்கிய எவர்சில்வர் குண்டானில் பச்சைத்தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார், தீ மூட்டின அரை நிமிஷத்தில் வெளிப்பக்கம் அடியில் முத்துமுத்தாகத் துளி தொங்க, ஒன்றிரண்டு தீயில் சொட்டி 'சுர்' என்றது. "ஓட்டைப் பாத்திரத்தைத் தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரனைத் திட்டியபடியே இறக்கி வைத்துத் துடைத்தார். துடைத்து மறுபடி வைத்தால் மறுபடியும். ஓட்டை எதுவும் இல்லை, எரிந்த கேஸிலிருந்து பிறந்த நீராவிதான் குளிர்ந்த அடியில் பட்டுத் துளியாகியிருக்கிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் உண்டாகும், கூடச் சேரும் ஆக்சிஜன் கனமாயிற்றே. முழு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டால் 22 லிட்டர் வரும். அடி நன்றாகச் சூடேறியதும் துளி காய்ந்துவிட்டது, பாட்டிதான் அன்று சாயங்காலம்வரை அந்தக் குண்டானை நம்பவில்லை.