சைக்கிள் வந்து இடித்ததா, நீங்கள் குறுக்கே திரும்பினீர்களா?

போன வாரம் மேசைக்கு இன்னொரு ஏ.ஆர். காப்பி, அதாவது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், வந்தது. பிளஸ் ஒன் படிக்கும் பையன், பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளில் டியூஷன் முடித்து வந்திருக்கிறான். நாற்சந்தியில் அவனுக்கு வலப்பக்கம் வந்த கார் திடீரென்று இடதுபுறம் திரும்ப, வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் இருப்பதோ, சைக்கிளில் இருந்து தானாகத் தவறி விழுந்தான் என்று. வண்டி எண் இல்லை. பையனுக்கு அப்போது நினைவே இல்லை. பிறகு யார் சொன்னது? கொண்டுவந்து சேர்த்த கார்காரரே சொல்லியிருக்கிறார். கையோடு பத்தாயிரம் ரூபாயையும் கொடுத்து, பையனின் அப்பாவிடம் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துகிறவர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். பாத்திரங்கள்தான் மாறுகிறார்கள்: பால்காரர், இரவு ஷிப்ட் வாட்ச்மேன், பூக்கூடையைக் கேரியரில் கட்டிய பெரியவர். ஓட்டியவர் சொல்லும் வசனம் மட்டும் மாறுவதே இல்லை. “சார், நான் இடிக்கலை. சைக்கிள்தான் வந்து என் வண்டி மேல இடிச்சது. பாருங்க, அடி என் இடது கதவுலதான் இருக்கு.”

அடி எங்கே விழுந்தது என்பது எங்கே தொட்டுக்கொண்டன என்பதைத்தான் காட்டும். தப்பு யாருடையது என்பதை அது சொல்லாது. நேராகப் போய்க்கொண்டிருக்கிற சைக்கிளைத் தாண்டிப் போய், அதன் முன்னால் இடது பக்கம் திரும்பினால், சைக்கிள் உங்கள் இடது கதவில்தான் மோதும். வேறு எங்கே மோத முடியும்? அந்த ஆள் தன் வழியில் நேராகப் போனார், குறுக்கே வந்தது உங்கள் வண்டி. நீங்கள் சாட்சியாகக் காட்டும் அந்தப் பள்ளம் பல வழக்குகளில் உங்களுக்கு எதிரான சாட்சி. எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) அறிக்கையில் ‘இடது முன்கதவில் கீறல்’ என்று இருக்கும். போலீஸ் வரைபடத்தில் சைக்கிள் சாலையின் இடது ஓரத்தில் கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தாலே யார் திரும்பினார் என்று தெரிந்துவிடும். பின்கதவில் அடி என்றாலும் இதே கதைதான். கார் முன்பாதி கடந்த பிறகு சைக்கிள் மோதியது என்றுதான் அதற்கு அர்த்தம், கடக்க உங்களுக்கு உரிமை இருந்தது என்று அல்ல.

சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை என்று தெரியாமல் உள்ளே நுழையக் கூடாது. இது புதுச் சட்டம் அல்ல, 1989 சாலை விதிகளிலேயே இருந்தது. ‘ஃப்ரீ லெஃப்ட்’ பலகை இருக்கிற இடத்திலும் அப்படித்தான். சிக்னலுக்கு நிற்க வேண்டாம் என்பதுதான் அந்தப் பலகை தரும் சலுகை. இடது ஓரத்தில் வரும் சைக்கிளைப் பார்க்க வேண்டாம் என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. ஹாரன் அடித்தேன் என்பதும் பதிலாகாது.

அடுத்தது, “சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, அப்புறம் எப்படி கேஸ் போடுவாங்க?” சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல, அதற்கு இரண்டும் தேவையில்லை. உங்கள் வண்டிக்குக் கட்டாயமாக்கப்பட்டிருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இப்படி அடிபடுகிறவருக்காகத்தான். சைக்கிளில் விளக்கு இல்லை, தவறான பக்கத்தில் வந்தார் என்பதை நிரூபித்தால் இழப்பீட்டில் ஒரு பங்கு குறையலாம். மொத்தமாகப் போய்விடாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், அஜாக்கிரதையாக ஓட்டுவதற்குப் பிரிவு 281. கொடுங்காயத்துக்கு 125(பி), மூன்று ஆண்டு வரை சிறை. உயிர் போனால் 106(1), ஐந்து ஆண்டு வரை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-வில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. கிரிமினல் வழக்கில் விடுதலையானால் இழப்பீடும் கிடையாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு பஸ் விபத்து வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை மறுத்துவிட்டார். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே போதும்.

ஓட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும், போலீசுக்குத் தகவல் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டம் 134-ன்படி உங்கள் கடமை. சேர்த்துவிட்டேன், அதனால் நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டு டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் பணம் உங்கள் கையை விட்டுப் போகப்போவதில்லை. எதற்காக ஒரு பையனின் வழக்கைக் கொல்கிறீர்கள்? பதினெட்டு வயது ஆகாத மகனிடம் சாவியைக் கொடுத்திருந்தால் கதையே வேறு. அதே சட்டத்தின் 199ஏ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குப் போக வேண்டியவர் நீங்கள்.

அடிபட்டவரின் வீட்டாருக்கு, தயவுசெய்து. கூட ஓடுகிறவர் முதலில் டூட்டி டாக்டரிடம் ‘கார் மோதியது’ என்று சொல்லி, வண்டி எண்ணையும் பதியச் சொல்லுங்கள். பிறகு திருத்துவது மலையைக் கட்டி இழுப்பது. ஸ்டேஷனில் பேசி முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள்; புகார் வாங்கியதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். சிகிச்சைச் செலவுக்குப் பயந்துதான் பலர் அந்தப் பத்தாயிரத்தை வாங்குகிறார்கள். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நெளிந்த சைக்கிளைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவை அன்றே கேட்டு வாங்குங்கள், சில நாளில் மேலே வேறு பதிவு ஏறிவிடும்.

2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். இந்தப் பையனின் குடும்பம் நான்காம் மாதத்தில் வந்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். இன்னும் இல்லை, மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.