கருத்தரிக்க உணவு எவ்வளவு உதவும்? எங்கே உதவாது?

"என்ன சாப்பிட்டால் சீக்கிரம் கரு தங்கும்?" ஆலோசனைக்கு வருகிற தம்பதிகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு. பெண்ணுக்கு வயது என்ன? எத்தனை மாதமாக முயற்சி செய்கிறீர்கள்? கணவருக்கு விந்துப் பரிசோதனை ஆகிவிட்டதா? சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டியவருக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் அவர்களுடைய காலத்தைத்தான் வீணாக்குவேன்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பையில் சுமார் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பருவமடையும்போது அது 3, 4 லட்சமாகக் குறைந்திருக்கும். கருத்தரிக்கும் வாய்ப்பு 32 வயதையொட்டி மெல்ல இறங்கத் தொடங்கி, 37க்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. எந்தக் கீரையும் எந்தக் கொட்டையும் இந்தக் கணக்கை மாற்றாது. அதனால்தான் 35 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்கிறோம். 35ஐத் தாண்டியவர்களுக்கு அந்தக் கெடு 6 மாதம். 40ஐத் தாண்டியவர்கள் காத்திருக்கவே வேண்டாம். "முதலில் ஒரு வருஷம் இயற்கையாக முயன்று பார்க்கிறோம், அப்புறம் டாக்டர்" என்று 38 வயதில் ஒருவர் சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. உணவை மாற்றுவதும் பரிசோதனைகளும் ஒன்றாகவே நடக்கட்டும்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு விந்தணு விதைப்பையில் உருவாகி முடிக்க ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. அது முதிர்ந்து வெளியே வர மேலும் ஒன்றிரண்டு வாரம். பெண்ணின் கருமுட்டையும் வெளிவருவதற்கு முந்தைய சுமார் 3 மாதங்களில்தான் கடைசிக் கட்ட வளர்ச்சியை முடிக்கிறது. ஆக, இன்றைக்கு நீங்கள் புகையை நிறுத்தினாலும் சரி, தட்டை மாற்றினாலும் சரி, பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். பத்தே நாளில் விந்தணு கவுன்ட் ஏறும் என்று விற்கிற எதையும் நம்பாதீர்கள். இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். இரண்டு மாதத்துக்கு முன் கடும் காய்ச்சலில் கிடந்த ஆணுக்கு இன்றைய விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை குறைந்து காட்டலாம். அதைப் பார்த்து வீடே கலங்கிப் போகும். காய்ச்சல் வந்ததைப் பரிசோதனை எழுதித் தந்த மருத்துவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உணவால் நிஜமாகவே பெரிய மாற்றம் வருகிற இடம் ஒன்று உண்டு. பி.சி.ஓ.எஸ். எனப்படும் நீர்க்கட்டிப் பிரச்சினை. இதில் பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாக மசிவதில்லை. அதனால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாக்குகிறது. சினைப்பைக்குள் முட்டையை வளர்க்கும் சிறு பைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன, முட்டை வெளிவருவதில்லை, மாதவிலக்கு தள்ளிப் போகிறது. எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. 80 கிலோ இருப்பவர் 4 முதல் 8 கிலோ. "என் உயரத்துக்கு 55 கிலோ இருக்கணுமாமே" என்று மலைத்துப் போய், ஒரு கிலோகூடக் குறைக்காமல் விட்டுவிடுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

எப்படிக் குறைப்பது என்பதில்தான் கோளாறு நடக்கிறது. வருகிறவர்களிடம் மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் எழுதி வரச் சொல்வேன். அடிக்கடி பார்க்கிற பக்கம் இப்படி இருக்கும்: காலையில் காபி மட்டும், பதினொரு மணிக்கு ஒரு கிளாஸ் பழச்சாறு, மதியம் "லைட்டாக" ஏதோ கொஞ்சம், சாயங்காலம் பிஸ்கட்டும் இன்னொரு கிளாஸ் சாறும், இரவு பத்து மணிக்குப் பசி தாங்காமல் வயிறு முட்டச் சாப்பாடு. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த உணர்வு இருக்கும், எடையோ இறங்கியிருக்காது. எழுதியவர் பெருமையாகக் காட்டுவது அந்தப் பழச்சாற்றைத்தான். நார்ச்சத்து நீங்கிய சர்க்கரைத் தண்ணீர் அது. மூன்று நான்கு பழத்தின் சர்க்கரை ஒரே மூச்சில் இரத்தத்தில் ஏறும். அந்தப் பக்கத்தில் பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் என்று புரதம் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடினால் கிடைக்காது.

நான் சொல்வது எளிய கணக்கு. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தவிடு நீக்காத தானியம். பழத்தை முழுசாகக் கடித்துச் சாப்பிடுங்கள். காலையில் புரதம் இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள். இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேர்க்கிற நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி. எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சியால் இன்சுலின் மேலாக வேலை செய்யும் என்பதை மறந்துவிடக் கூடாது. இதைச் செய்தும் சுழற்சி ஒழுங்காகவில்லை என்றால், முட்டை வளர மருத்துவர் தரும் மாத்திரையைத் தோல்வியாக நினைக்காதீர்கள். எடை குறைந்த உடம்பில் அந்த மாத்திரைக்கும் பலன் கூடும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. மெலிந்த பெண்கள், நீண்ட தூரம் ஓடுகிறவர்கள், மாவுச்சத்தையே விலக்கிவிட்டவர்கள். உள்ளே வருகிற சக்தி போதவில்லை என்றால் மூளையின் ஹைப்போதலாமஸ் முதலில் நிறுத்தி வைப்பது இனப்பெருக்கத்தைத்தான். மாதவிலக்கு நின்றுபோகும். இவர்களுக்கு என் மருந்து கூடுதலாகச் சாப்பிடுவதும் கொஞ்சம் குறைவாக ஓடுவதும். இதைக் கேட்டு நம்பாமல் சிரிப்பவர்கள் நிறைய.

சத்து மாத்திரைகளில் எதிலும் சமரசம் செய்யக் கூடாத ஒன்று ஃபோலிக் ஆசிட். தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிலக்கு தள்ளிப்போய்ப் பரிசோதித்துப் பார்க்கும் நாளில் அந்த 28 நாளில் பாதி கடந்திருக்கும். நீரிழிவு உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள், முன்பு இந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பிறந்தவர்கள் ஆகியோருக்கு இதைவிடப் பல மடங்கு அளவு தேவைப்படலாம். அதை மருத்துவர் எழுதித் தரட்டும். வலிப்பு மாத்திரைகளில் சில கருவைப் பாதிக்கக்கூடியவை. அவற்றைத் திடீரென்று நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து. முயற்சி தொடங்குவதற்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் காபி, டீ குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஏறாது. இறைச்சி, மீன், முட்டை எதுவும் தொடாதவர்கள் பி12 அளவைப் பார்க்கட்டும். அயோடின் சேர்த்த உப்பை "சாதா" கல்லுப்புக்காகக் கைவிட்டவர்கள் யோசிக்கட்டும். தைராய்டுக்கு அது வேண்டும். மீன் நல்லது, ஆனால் சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். காபி நாளுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டாம். மது இருவருக்கும் வேண்டாம்.

உணவுக்கும் முட்டை வெளிவருவதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. 17,000க்கும் மேற்பட்ட பெண்கள். தாவர எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பைக் குறைத்து, இறைச்சியில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பருப்பு, பயறு வகைப் புரதத்தை எடுத்துக்கொண்டு, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத மாவுச்சத்தைச் சாப்பிட்டவர்களிடம் முட்டை வெளிவராத பிரச்சினை குறைவாக இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலைவிட முழுப்பால் குடித்தவர்களும் அப்படியே. அவர்கள் சாப்பிடுவதைக் கவனித்து எழுதிய ஆய்வு இது, சோதித்து நிரூபித்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் இதன்படி சாப்பிடுவதால் யாருக்கும் கெடுதல் வராது என்பதால் நான் தயங்காமல் சொல்கிறேன்.

கடையில் வாங்கிய டப்பாக்களை அப்படியே பையில் போட்டு எடுத்து வரச் சொல்வதும் என் வழக்கம். மேஜையில் அடுக்கி லேபிள்களைப் படித்தால் தலை சுற்றும். மூன்று டப்பாவில் ஒரே வைட்டமின் ஏ, ரெட்டினால் வடிவத்தில். தினம் 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவில் குறைபாடு வரக்கூடிய சத்து அது. முடி கொட்டுவதற்கென்று வாங்கிய மாத்திரையில் பயோட்டின் ஏராளமாக இருக்கும். அதைச் சாப்பிட்டபடி இரத்தம் கொடுத்தால் பல பரிசோதனைக் கூடங்களில் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச். முதலிய ஹார்மோன் அளவுகள் தப்பாக வரும். இல்லாத தைராய்டுக்கு வைத்தியம் நடக்கும், அல்லது இருக்கிற தைராய்டு கண்ணில் படாமல் போகும். இரத்தம் எடுக்குமுன் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேபிளே இல்லாத பொடி இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். ஈயமும் பாதரசமும் கலந்த பொடிகளும், ஈரலைக் கெடுத்த பொடிகளும் மருத்துவ உலகம் அறிந்த சங்கதிதான்.

ஆண்களுக்கென்று விற்கிற துத்தநாக மாத்திரை பற்றி ஒரு தகவல். 2020இல் வெளிவந்த ஆய்வில் 2,370 ஆண்களில் பாதிப் பேருக்கு 6 மாதம் துத்தநாகமும் ஃபோலிக் ஆசிடும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். குழந்தை பிறந்த அளவில் வித்தியாசம் இல்லை. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவு கூடுதலாக இருந்தது.

ஆண்கள் உண்மையில் செய்ய வேண்டியது மாத்திரை வாங்குவதைவிடக் கடினம்: புகையை விடுவது, இடுப்புச் சதையைக் குறைப்பது, மடியில் மடிக்கணினியை வைத்து மணிக்கணக்கில் உட்காராமல் இருப்பது. விதைப்பை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் அங்கே உற்பத்தி ஒழுங்காக நடக்கும். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஸ்டீராய்டோ போட்டுக்கொள்பவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். ஆண்மைக்கான ஹார்மோன்தானே, நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். வெளியிலிருந்து அது வந்ததும் மூளை விதைப்பைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். எண்ணிக்கை பூஜ்ஜியம் வரை இறங்கலாம். ஊசியை விட்ட பிறகும் திரும்பிவரப் பல மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். மனைவி உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் கணவரிடம் தனியாகவே கேட்கிறேன்.

செலவே இல்லாத இயற்கை வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்: நாள். 1995இல் 221 பெண்களை வைத்து நடந்த ஆய்வு, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும் சேர்ந்த 6 நாளில்தான் கரு தங்குகிறது என்று காட்டியது. விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கு 12 முதல் 24 மணி நேரம்தான். எனவே முட்டை வருவதற்கு முன்பே விந்தணு காத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் 14ஆம் நாள் என்ற நினைப்பு தவறு. முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை சுமார் 14 நாள் என்பதுதான் கணக்கு. 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 21ஆம் நாளையொட்டி வரும். அவர் 14ஆம் நாளைக் குறி வைத்தால் பல மாதங்கள் வீணாகும்.

உடம்பே அடையாளம் காட்டும். அந்த நாட்களில் வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, விரலில் எடுத்தால் இழுபடும். காலை உடல் வெப்பம் பார்க்கும் முறையில் வெப்பம் ஏறுவது முட்டை வந்த பிறகு, அதனால் அந்த மாதத்துக்குப் பயன்படாது. முட்டை வெளிவரப் போவதைக் காட்டும் சிறுநீர்ப் பட்டை உதவும், நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது பொய்யாகவும் கோடு காட்டலாம். இதெல்லாம் தலைவலி என்றால் மாதவிலக்கு நின்றதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள், போதும். "சேர்த்து வைத்தால் வீரியம் கூடும்" என்று பத்து நாள் விலகி இருப்பதில் லாபம் இல்லை. வழவழப்புக்குப் பயன்படுத்தும் பல ஜெல்கள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும். காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருக்கத் தேவையில்லை. "டென்ஷன் ஆகாமல் இரு, தானாகத் தங்கும்" என்று உறவினர்கள் சொல்வதையும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அதைக் கேட்டு யாருக்கும் டென்ஷன் குறைந்ததாக நான் பார்த்ததில்லை.

உணவு ஒன்றுமே செய்ய முடியாத இடங்கள் தெளிவானவை. கருக்குழாய் அடைப்பு, முற்றிய எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்), விந்தில் அணுவே இல்லாத நிலை. "கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும்" எந்தப் பானமும் அடைப்பைத் திறக்காது. மாதவிலக்கில் தாங்க முடியாத வலி, 35 நாளைத் தாண்டிக்கொண்டே போகும் சுழற்சி, அடிவயிற்றில் முன்பு தொற்றோ அறுவைச் சிகிச்சையோ, புற்றுநோய் மருந்து, அடுத்தடுத்த கருச்சிதைவு, ஆணுக்கு விதைப்பை இறங்காமல் இருந்த வரலாறு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ஓராண்டு, 6 மாதம் என்ற கெடுவெல்லாம் உங்களுக்கு இல்லை. முதல் மாதமே போங்கள்.

போகும்போது கணவரின் விந்துப் பரிசோதனையோடு ஆரம்பியுங்கள். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதியில் ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அப்படியிருந்தும் மனைவிக்கு ஸ்கேன், ஊசி எல்லாம் முடிந்த பிறகுதான் பல கணவர்கள் முதல் மாதிரி கொடுக்கிறார்கள். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு தரும் கீழ்வரம்பு. அதற்குக் குறைவாக வந்தால் ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்டாமல், இன்னொரு முறை பரிசோதிக்க வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மாத்திரைகள், போட்ட ஊசிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அந்த அறிக்கையோடு சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள்.