200 பட்டனுக்கு ஒரு லிசனர் போதும்

வெப் பேஜ்ல ஒரு டேபிள், அதுல 200 வரி, ஒவ்வொண்ணுலயும் ஒரு டெலீட் பட்டன், ஜாவாஸ்கிரிப்ட்ல லூப் போட்டு எல்லாத்துக்கும் கிளிக் ஹேண்ட்லர் (கிளிக் பண்ணா ஓடுற கோடு) வெச்சாச்சு, ஆனா அப்புறமா சேர்த்த வரியில மட்டும் அமுக்கினா ஒண்ணும் நடக்கலையேன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். லூப் ஓடினப்ப அந்த பட்டனே இல்லையே சார், அவ்ளோதான்.

பட்டனை விட்டுடுங்க, டேபிள்ல ஒரே ஒரு லிசனர் (கிளிக் வருதான்னு பாத்து ஹேண்ட்லரை ஓட விடுறது) வைங்க. பட்டனை அமுக்கினது டேபிளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இது. கிளிக் விழுந்ததும் பிரவுசர் மொதல்ல விண்டோல ஆரம்பிச்சு டாக்குமென்ட், பாடி, டேபிள், வரி, பட்டன்னு முழு வழியையும் கணக்குப் போட்டு வெச்சுக்கும். அப்புறம் ஈவென்ட், அதாவது கிளிக் ஆச்சுங்கிற சேதி, மேல இருந்து கீழ இறங்கும், அது கேப்சர். பட்டனைத் தொட்டுட்டு அதே வழியில திரும்ப ஏறும், அது பப்ளிங். நாம சாதாரணமா வெக்கிற லிசனர் ஏறும்போதுதான் ஓடும். இதுல அழகு என்னன்னா, நடுவுல ஏதோ ஒரு ஹேண்ட்லர் அந்த வரியையே தூக்கிட்டாலும் ஈவென்ட் தடுமாறாம டேபிளுக்கு வந்து சேந்துடும், ஏன்னா வழி கெளம்புறதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சு.

ரெண்டு திசை எதுக்குன்னா, 1997ல நெட்ஸ்கேப் 4 பிரவுசர் மேல இருந்து கீழன்னுச்சு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 கீழ இருந்து மேலன்னுச்சு, 2000ல வெப்புக்கு விதி போடுற டபிள்யூ3சி ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி டாம் லெவல் 2ங்கிற விதிமுறையில ரெண்டையுமே வெச்சுடுச்சு.

எந்த பட்டன்னு ஈவென்ட்டோட டார்கெட் சொல்லும். ஆனா பட்டனுக்குள்ள குப்பைத்தொட்டி ஐகான் இருந்தா டார்கெட்ல வர்றது அந்த ஐகான்தான், அதனால குளோசெஸ்ட்ங்கிற ஃபங்ஷன் போட்டு மேல தேடி பட்டனைப் புடிக்கணும். வேலை செய்யலன்னு இங்க நெறைய பேர் கைவிட்டுடுறாங்க.

இன்னும் சில பேர், வண்டி முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டுற மாதிரி எல்லா ஹேண்ட்லர்லயும் ஸ்டாப்ப்ராபகேஷன் போட்டு வெக்கிறாங்க. ஈவென்ட் பாதியிலயே நின்னுடும், மேல டேபிள் சும்மா காத்துக்கிட்டு இருக்கும். எதுக்குன்னு தெரியாம அதைப் போடாதீங்க.

வெப் ஆப் கட்டுறதுக்கு நெறைய பேர் போடுற ரியாக்ட் உள்ளுக்குள்ள பண்றதும் இதையேதான். 2020ல வெர்ஷன் 17 வர்ற வரைக்கும் லிசனரை டாக்குமென்ட்ல வெச்சுக்கிட்டு இருந்ததை, அதுல இருந்து ஆப்போட ரூட்டுக்கு மாத்திட்டாங்க. ஃப்ரேம்வொர்க் கோர்ஸ்ல இதைச் சொல்லியே குடுக்காதது எனக்குக் கடுப்பு.

ஒரு பாக்ஸுக்குள்ள கர்சர் போறப்ப வர்ற ஃபோகஸும், வெளிய போறப்ப வர்ற பிளரும் மேல ஏறாது, அதுக்கு பதிலா ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட் போடுங்க. இல்லன்னா லிசனரோட மூணாவது ஆர்க்யுமென்ட்ல ட்ரூ குடுங்க, ஏறாத ஃபோகஸும் இறங்குறதென்னவோ இறங்கும், அப்பவே டேபிள்ல புடிச்சுக்கலாம்.