மதகைக் கழற்றும் கரு

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மகளுக்கு ஆறாம் மாதம். மூன்றாம் மாதம் எச்.பி. 12 இருந்தது, இப்போது 10.7. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல் என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். நல்லா சாப்பிடுகிற பெண்ணுக்கு ரத்தம் எப்படிக் குறையும்?”

குறையவில்லை அம்மா, கூடியிருக்கிறது. எச்.பி. என்ற ஹீமோகுளோபின் அளவு காட்டுவது ரத்தத்தின் கெட்டியை. கர்ப்பத்தில் ஹார்மோன்கள் ரத்தக்குழாய்களைத் தளர்த்துகின்றன. குழாய் தளர்ந்தால் அழுத்தம் இறங்கும். உடம்பில் தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது என்று சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படி ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் வரை ஏறுகிறது. சிவப்பணுக்களும் கூடத்தான் செய்கின்றன, ஆனால் 20, 30 சதவீதம்தான். வீட்டில் ஆள் கூடினால் தயிரையும் கொஞ்சம் கூட்டி, தண்ணீரை அதைவிடக் கூட்டி மோர் பெருக்குவோமே, அதே கணக்கு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனமே நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் ரத்தசோகையின் எல்லையை 11-லிருந்து 10.5-க்கு இறக்கி வைத்திருக்கிறது. அதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கடைசி மூன்று மாதத்தில் எல்லை மறுபடி 11. மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லும் அத்தைமார்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மாத்திரையோடு மட்டும் காபி, டீ வேண்டாம், இரும்பு உடம்பில் சேராது.

மற்ற மாற்றங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். இதயம் கூடுதலாக இறைக்கிறது, நெஞ்சு எரிகிறது, வளைகாப்புக்குள் மெட்டி இறுகிவிடுகிறது. ஐம்பது, அறுபது கிராம் இருந்த கர்ப்பப்பை ஒரு கிலோவை எட்டுகிறது. சரி, இவ்வளவு ரத்தமும் எங்கே போகிறது?

ஒரு பெரிய பங்கு கர்ப்பப்பைக்குத்தான். சாதாரண நாளில் அங்கே நிமிடத்துக்கு 50 மில்லி போனால் அதிகம். பிரசவம் நெருங்கும்போது 500, 700 என்று போகிறது. இங்கேதான் என்னைப் பல வருடங்களாக மயக்கி வைத்திருக்கும் வேலை நடக்கிறது.

கர்ப்பப்பையின் உட்சுவருக்கு வரும் கடைசிக் கிளைகள் சுருள் தமனிகள். பெயருக்கேற்றபடி சுருண்ட, மெல்லிய குழாய்கள். அவற்றின் சுவரில் தசை உண்டு. அந்தத் தசைதான் மதகு. தாயின் உடம்பு நினைத்தால் இறக்கி, ரத்தத்தை நிறுத்தலாம்.

கருவுக்கு அது ஒத்துவருமா? மேட்டூர் அணையில் ஷட்டர் யார் கையில் என்று, வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12 வந்தாலே கவலைப்படும் கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரு கடைமடையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நம்மைப் போல மனு கொடுத்துக் காத்திருப்பதில்லை. கருவோடு சேர்ந்து வளரும் நஞ்சுக்கொடியின் செல்கள் கிளம்பிப் போய்த் தாயின் தமனிக்குள்ளேயே நுழைகின்றன. முதல் வேலையாக வாயை அடைக்கின்றன. ஏறக்குறைய முதல் மூன்று மாதம் தாயின் ரத்தம் தாராளமாக உள்ளே வராது. பிஞ்சுக் கருவுக்கு அவ்வளவு ஆக்சிஜன் ஆகாது. அந்த நாட்களிலேயே தமனிச் சுவரின் தசையைக் கரைத்து, அந்த இடத்தில் தாங்களே குடியேறத் தொடங்கிவிடுகின்றன. அப்புறம் அடைப்பு மெல்ல விலகுகிறது. ஐந்தாம் மாத வாக்கில் சுருங்கத் தெரியாத, புனல் போல அகன்ற வாய்தான் மிச்சம். தாயே நினைத்தாலும் மூட முடியாது.

புனல் வடிவம் ஏன்? வாய்க்கால் அகன்றால் வேகம் குறையும். நாற்றங்காலில் தண்ணீரைச் சீறவிட்டால் நாற்று பெயர்ந்து போகும், பரவி நிற்க வேண்டும். நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகளும் அப்படி மெல்லப் பரவும் ரத்தத்தில் நனைந்துதான் சத்தை எடுத்துக்கொள்கின்றன.

மாட்டுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. கன்று போட்டபின் விழும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கொடி தாய்ப்பசுவின் ரத்தக்குழாய்களை உடைத்து உள்ளே போவதில்லை.

மனிதரில் இந்த மதகு கழற்றும் வேலை அரைகுறையாக நின்றுவிட்டால்தான் பிரச்சினை. குறுகிய குழாயில் ரத்தம் சீறுகிறது, நஞ்சுக்கொடி நலிகிறது, அது வெளிவிடும் பொருட்கள் தாயின் ரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன. இருபது வாரத்துக்கு மேல் பி.பி. 140/90 ஆவது, முகம் வீங்குவது, தாங்காத தலைவலி, கண் மங்குவது எல்லாம் பல சமயம் இதன் கைவேலை. திருக்கருகாவூர் போய்க் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் விளக்கெண்ணெய் வாங்கி வாருங்கள், என் வீட்டிலும் வாங்கினோம். பி.பி. பார்க்கும் நாளை மட்டும் தவறவிடாதீர்கள்.

எல்லோரும் ஒருகாலத்தில் சுமந்த உறுப்பு இந்த நஞ்சுக்கொடி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமே மனித நஞ்சுக்கொடிக்கென்று தனித் திட்டம் தொடங்கியது 2014-ல்தான். பெண்கள் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சிக்குக் காசு எப்போதும் கடைசியாகத்தான் வருகிறது. அதுவும் ஒரு கடைமடைதான்.

ஒரு கேள்வி பாக்கி. மதகே இல்லாத இத்தனை குழாய்கள் இருக்க, பிள்ளை பிறந்து கொடியும் விழுந்தபின் ரத்தம் எப்படி நிற்கிறது? கர்ப்பப்பையின் தசைநார்கள் அந்தக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கர்ப்பப்பை மொத்தமும் இறுகும்போது நார்கள் குழாய்களை நெரித்து மூடுகின்றன. ஆக்சிடோசின் ஊசி போடுவது இந்த இறுக்கத்துக்குத்தான். பிரசவ வார்டில் நர்ஸ் அடிக்கடி வந்து அடிவயிற்றை அமுக்கிப் பார்ப்பதும் அதைத்தான், பந்து போலக் கெட்டியாக இருக்கிறதா என்று. மகளுக்கு வலிக்கும், கோபம்கூட வரும். இன்னும் இரண்டு தடவை அமுக்கிப் பார்க்கட்டும் என்று நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.