ரெஸ்டோரேஷன்: புனரமைப்பு அல்ல, மீட்டமைப்பு

போன வாரம் பிரிட்டனின் பழைய மாளிகைகளைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைத் தமிழ் வசனவரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் சாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். சுவரில் பழைய வண்ணம் செதில் செதிலாக எழும்பி நிற்கிறது. மெல்லிய தூரிகையில் பசை தொட்டு, நகக்கண் அளவுள்ள ஒரு செதிலின் அடியில் தடவி, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்துகிறார். அப்புறம் அடுத்த செதில். கீழே தமிழில் ஓடிய வரி: 'அறை புனரமைக்கப்படுகிறது.'

அவர் எதையும் அமைக்கவில்லை. இருப்பது உதிராமல் பிடித்துவைக்கிறார். அடுத்த காட்சியில் எரிந்துபோன கூரைக்குப் புதிய உத்தரம் ஏற்றுகிறார்கள், அதுவும் புனரமைப்பு. அதற்கடுத்ததில் சமையலறைக்குப் புதுக் குழாய் இழுக்கிறார்கள், அதுவும் புனரமைப்புதான். எந்த வேலை நடக்கிறது என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே தவிர, சொல் எதையும் சொல்வதில்லை. பல வருடமாக இதைக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

புனரமைப்பு என்று இவர்கள் பெயர்க்கும் ஆங்கிலச் சொல் ரெஸ்டோரேஷன். அதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ரெஸ்டௌராரே, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. திருப்பிக் கொடுத்தல், முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருதல் என்று பொருள். 1660இல் இரண்டாம் சார்லஸ் திரும்பிவந்து அரசரானதையும் ஆங்கிலேயர் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். அதை நாம் முடியாட்சியின் மீட்சி என்கிறோம். முடியாட்சிப் புனரமைப்பு என்று எழுத யாருக்கும் கை வராது. கட்டடம் என்றவுடன் மட்டும் கை ஏன் மாறுகிறது?

புனரமைப்பில் 'புனர்' வடமொழி, 'அமைப்பு' தமிழ். மறுபடி அமைத்தல் என்பது பொருள். வடசொல் ஒட்டியிருக்கிறது என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. கோயில் வேலைக்குப் புனருத்தாரணம் என்று சொல்லி வளர்ந்தவன்தான் நானும். என் வழக்கு பொருளைப் பற்றியது. மறுபடி அமைக்க வேண்டுமென்றால் முன்பு அமைந்தது போயிருக்க வேண்டும். ரெஸ்டோரேஷனில் பழையது போகவே கூடாது. பாதி போயிருந்தாலும், எஞ்சிய பாதியைச் சுற்றித்தான் மொத்த வேலையும் நடக்கும்.

நகைக்கடைப் பக்கம் போனால் இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் சொற்கள் தயாராக இருக்கின்றன. அடகு வைத்த வளையலை மீட்டு வந்தோம் என்றால், கைக்கு வந்தது அதே வளையல். அதன் நெளிவு, உள்பக்கத் தேய்மானம் எல்லாம் அப்படியே இருக்கும். அழித்துச் செய்தோம் என்றால் தங்கம் பழையது, வளையல் புதிது. மீட்பது வேறு, அழித்துச் செய்வது வேறு என்பது அடகுக்கடை வாசலில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். புனரமைப்பு என்ற சொல் இந்த இரண்டையும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறது.

பிரிட்டனில் இந்த ஒரு வேறுபாட்டுக்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாதா கோயில்களை ரெஸ்டோர் செய்கிறோம் என்று கிளம்பியவர்கள், தங்களுக்குப் பிடித்த ஒரு நூற்றாண்டைத் தேர்ந்துகொண்டு, அதற்குப் பிறகு சேர்ந்ததையெல்லாம் பெயர்த்தெறிந்தார்கள். சுவர்க் காரையைச் சுரண்டிக் கல்லை வெளியே காட்டினார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயம் இதற்கு நல்ல சாட்சி. பிக் பென் கடிகாரத்தின் இயக்கத்தை வடிவமைத்த எட்மண்ட் பெக்கெட், பின்னாளில் கிரிம்தோர்ப் பிரபு, பெரும் பணக்காரர். சொந்தப் பணத்தைக் கொட்டி அந்தப் பேராலயத்தின் மேற்கு முகப்பைத் தன் விருப்பப்படி புதிதாகக் கட்டினார். வாசலில் உள்ள மத்தேயு சிலையில் இருப்பது அவருடைய முகம்தான். இந்த வேலையைப் பார்த்துக் கொதித்துப்போன ஆங்கிலேயர்கள் அவர் பெயரையே ஒரு வினைச்சொல்லாக்கினார்கள். 'கிரிம்தோர்ப் செய்வது' என்றால், பணத்தை வாரி இறைத்துப் பழைய கட்டடத்தைக் கெடுப்பது. அந்த வினைச்சொல்லுக்குத் தமிழ் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: அழித்துச் செய்வது.

1849இலேயே கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், ரெஸ்டோரேஷன் என்பது ஒரு கட்டடத்துக்கு நேரக்கூடிய முழு அழிவு என்கிற அளவுக்குப் போய்விட்டார். 1877இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் பழங்கட்டடங்களைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். காரை சுரண்டுவதை எதிர்த்ததால் அதற்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்று செல்லப்பெயர். ஓட்டையை அன்றன்று அடை, ஒழுகும் இடத்தைப் பார், சாயும் சுவருக்கு முட்டுக் கொடு, இல்லாததை இருந்ததுபோலக் காட்டாதே என்பது அவர்கள் கட்சி. ஆக, ரெஸ்டோரேஷன் என்ற சொல்லை ஒருவர் பெருமையாகவும் இன்னொருவர் வசையாகவும் கையாண்ட காலம் உண்டு. அந்தக் காலத்து எழுத்தை மொழிபெயர்க்கும்போது இரு தரப்பின் வாயிலும் புனரமைப்பைத் திணித்தால், சண்டை எதற்கென்றே வாசகருக்கு விளங்காது.

நம் காலத்திலிருந்து இரண்டு மாளிகைகளைப் பார்க்கலாம். இரண்டும் பழைய மாளிகைகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம் இருப்பவை, இரண்டிலும் தீ. மேற்கு சசெக்ஸில் உள்ள அப்பார்க், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. 1989 ஆகஸ்ட் 30 அன்று, கூரையின் ஈயத் தகட்டில் வேலை செய்தவர்களின் ஊதுவிளக்குச் சூட்டிலிருந்து தீப்பிடித்தது. கூரையும் மேல்தளமும் போயின. கீழ்த்தளத்துப் படங்களையும் நாற்காலிகளையும் கைக்குக் கை மாற்றிப் பெரும்பாலும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு சாம்பலைச் சலித்து, கதவுக் குமிழ், மரச்செதுக்கல் துண்டு, சரவிளக்கின் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். தீக்கு முந்தைய நாள் வீடு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவது என்று முடிவானது. கட்டிய வருடத்துப் பளபளப்பு இல்லை, 1989இன் மங்கல். விதானத்துச் சுதை வேலைக்காக, அச்சில் வார்க்காமல் சுண்ணாம்புச் சாந்தைக் கையாலேயே உருப்பிடிக்கும் பழைய வித்தையைக் கைவினைஞர்கள் மறுபடி கற்றுக்கொண்டார்கள். 1995இல் மாளிகை திறந்தது. இது மீட்டமைப்பு. அடகு வைத்த வளையல் திரும்பிவந்த கதை.

சர்ரேயில் உள்ள கிளாண்டன் பார்க், ஜாக்கமோ லியோனி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை. 2015 ஏப்ரலில் எரிந்தது. ஏறக்குறைய முழுசாகத் தப்பியது ஒரே ஓர் அறை. முதலில் கீழ்த்தளத்து முக்கிய அறைகளைப் பழையபடி ஆக்கப்போவதாக டிரஸ்ட் சொன்னது. 2022இல் மனம் மாறி, எரிந்த கூட்டை எரிந்தபடியே காத்துவைப்போம் என்று அறிவித்தது. அழகான சுவர்ப்பூச்சு கருகி உதிர்ந்து, அதன் பின்னால் இருந்த செங்கலும் மரச்சட்டமும் தெரிகின்றன. ஒரு மாளிகையை எப்படிக் கட்டினார்கள் என்பதை அவை காட்டட்டும் என்பது அவர்கள் வாதம். இது மீட்டமைப்பு அல்ல, பேணல். எனக்கு இந்த முடிவில் உடன்பாடில்லை, அப்பார்க் வழிதான் பிடிக்கும். ஆனால் உடன்படவோ மறுக்கவோ இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டுமே. இரண்டு செய்தியையும் 'மாளிகை புனரமைப்பு' என்று தலைப்பிட்டால் அங்கே நடந்த விவாதமே தமிழில் இல்லாமல் போகிறது.

சரி, புனரமைப்பு வேண்டாம், மறுசீரமைப்பு என்று சொல்லலாமே என்பார்கள். தனித்தமிழ் அன்பர்கள் பலர் இதைத்தான் முன்வைக்கிறார்கள். எனக்கு இது இன்னும் மோசமாகப் படுகிறது. முதலாவது, அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. தொகுதி மறுசீரமைப்பு, கடன் மறுசீரமைப்பு, நிர்வாக மறுசீரமைப்பு. எல்லாவற்றிலும் பழைய எல்லையைக் கலைத்துப் புதிதாக வகுப்பதுதான் பொருள். தொகுதியை மறுசீரமைத்தால் பழைய தொகுதி திரும்பி வருமா? வராது, காணாமல்கூடப் போகலாம். ரெஸ்டோரேஷனுக்கு நேர் எதிர். இரண்டாவது, 'சீர்' என்ற சொல்லே ஒழுங்கை நினைவூட்டுகிறது. பழைய வீட்டின் உயிர் அதன் ஒழுங்கின்மையில் இருக்கிறது. உட்கார்ந்துபோன தரை, கோணலான சன்னல், நான்கு தலைமுறை நான்கு விதமாகச் சேர்த்த அறைகள். அவற்றைச் சீர் செய்யக் கிளம்பியவர்தான் கிரிம்தோர்ப். மூன்றாவது, 'மறு' வந்தாலே முன்பும் ஒருமுறை சீரமைத்தார்கள் என்று காதில் விழுகிறது.

புதுப்பித்தல் நல்ல சொல், எளிய சொல். அது ரினவேஷனுக்கு உரியது. புதுக் குழாய், புது மின்கம்பி போடும் இடத்தில் தாராளமாகப் போடுங்கள். கன்சர்வேஷனுக்குப் பாதுகாப்பு என்று எழுதுவதும் வழக்கத்தில் இருக்கிறது. 'மாளிகையின் பாதுகாப்புப் பணியில் இருபது பேர்' என்று படிக்கும்போது காவலாளிகள்தான் கண்முன் வருகிறார்கள். பேணல் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. முழுசாக இடிந்ததைத் திரும்பக் கட்டினால் மறுகட்டுமானம். ஒழுகலை அடைத்தால் பழுதுபார்த்தல்.

மீட்டமை என்பது கைபேசியில் ரீசெட் பொத்தானுக்குப் போட்ட சொல்லாயிற்றே என்று ஒரு நண்பர் கேட்டார். ரீசெட் எல்லாவற்றையும் துடைத்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகிறது. தவறு அங்கேதான் நடந்திருக்கிறது. பொத்தானில் தவறாக ஒட்டிவிட்டார்கள் என்பதற்காகக் கட்டடக்காரர் தன் சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களைத்தான் கேட்க வேண்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று யாரோ அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள், இவர்களும் அதையே நிரப்பிக்கொண்டு போகிறார்கள். மூலத்தில் ரெஸ்டோரேஷன் என்று இருந்தாலும் திரையில் கை என்ன செய்கிறது என்று ஒரு நொடி பார்க்கலாமே. 1992இல் எரிந்த விண்ட்சர் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு வேலை, 1997இல் முடிந்தது. சில அரச அறைகளைத் தீக்கு முந்தைய கோலத்துக்கே கொண்டுவந்தார்கள். செயின்ட் ஜார்ஜ் மண்டபத்துக்கோ பழைய விதானத்தை விட்டுவிட்டு, ஓக் மரத்தில் புது வடிவக் கூரை போட்டார்கள். முதலாவது மீட்டமைப்பு, இரண்டாவது புத்தாக்கம். ஆங்கிலத்தில் மொத்தமாக ரெஸ்டோரேஷன் என்று எழுதியிருந்தாலும் தமிழில் பிரித்து எழுத நமக்குத் தடையில்லை.

சாரத்தின் மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு வசனவரி எழுத எந்தக் கலைச்சொல்லுமே தேவைப்பட்டிருக்காது. 'உதிரும் வண்ணத்தை ஒட்டவைக்கிறார்' என்று போட்டிருந்தால் போதும்.