ஸ்டென்ட் வைத்த பிறகு வலி இல்லை என்பது நல்ல செய்தியா?

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகள் என்னிடம் தவறாமல் கேட்பது, "டாக்டர், இது எத்தனை வருடம் தாங்கும்?" என்பதுதான். கேள்வியிலேயே ஒரு தப்புக்கணக்கு இருக்கிறது. அடைபட்ட இதயக் குழாயை விரித்துவைக்கும் அந்த உலோக வலை ஆயுள் முழுக்க இருந்த இடத்திலேயே கிடக்கும். மாறுவது அதைத் தாங்கி நிற்கும் இரத்தக்குழாய். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வேகமாகவே மாறுகிறது, பெரும்பாலும் சத்தமில்லாமல்.

டர்பனில் இதய மருத்துவராக இருக்கும் எனக்கு இது அன்றாடப் பேச்சு. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை நோயும் இளவயது மாரடைப்பும் மிகுதி என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. இங்கே இந்தியர்கள் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஸ்டென்ட் வைத்தவர் ஒருவர்கூட இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1977இல் சூரிச் நகரில் மருத்துவர் கிரன்ட்சிக் தொடங்கிவைத்தது பலூன் சிகிச்சை. பலூனை மட்டும் ஊதி அடைப்பை விரித்த அந்தக் காலத்தில், மூன்றில் ஒருவருக்காவது சில மாதங்களிலேயே குழாய் மறுபடி சுருங்கியது. 1986இல் ஸ்டென்ட் வந்தது. வெறும் உலோக ஸ்டென்ட்டில் இது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு என்று குறைந்தது. 2000களின் தொடக்கத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்த பிறகு நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை என்று இறங்கியிருக்கிறது. (முதலில் பூசப்பட்ட சிரோலிமஸ் மருந்தின் மூலம் ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர். மருத்துவத்தில் எனக்குப் பிடித்த கதைகளில் அதுவும் ஒன்று.) சர்க்கரை நோயாளிகளுக்கு, அதிலும் இன்சுலின் போடுபவர்களுக்கு, இந்த ஆபத்து மற்றவர்களைவிட இன்றும் கூடுதல்தான்.

"பழைய கொழுப்பு திரும்பிவிட்டது" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். முதல் ஒரு வருடத்துக்குள் நடப்பது அதுவல்ல. ஸ்டென்ட்டை விரிக்கும்போது குழாயின் உட்சுவர் காயப்படுகிறது. காயம் ஆறத்தான் வேண்டும். சிலருக்குத் தோலில் தழும்பு தடித்துப் புடைப்பதுபோல, குழாய்ச் சுவரின் தசை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, வலைக்கண்களின் வழியாக உள்ளே வளர்ந்து பாதையை நெருக்குகின்றன. இரத்தத்தில் மிகும் சர்க்கரையும், அதனுடன் இருக்கும் அழற்சியும் அந்த வளர்ச்சியைத் தூண்டிவிடுகின்றன. போதாததற்கு, சர்க்கரை நோயாளியின் இதயக் குழாய்கள் மெலிந்தவை. அடைப்பும் ஓரிடத்தில் நில்லாமல் நீளமாகப் படர்ந்திருக்கும். மெல்லிய குழாயில் நீளமான ஸ்டென்ட் என்றாலே மறுஅடைப்புக்கு வாய்ப்பு அதிகம். சில வருடங்கள் கழித்து அந்தத் தழும்பின் மேலேயே புதுக் கொழுப்பு படிவதும் உண்டு.

முதல் கட்டச் சுருக்கம் பெரும்பாலும் ஆறாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதத்துக்குள் தலைகாட்டும். சரியாக அந்த நேரத்தில்தான் நம்மவர்கள் "இனி பயமில்லை" என்று பரிசோதனைக்கு வருவதை நிறுத்துகிறார்கள்.

ஒரு பாட்டியம்மாவின் நிலை அப்படித்தான் ஆனது. ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். "நெஞ்சு வலிக்கிறதா, ஆயா?" என்று கேட்டேன். "ஒரு வலியும் இல்லை ஐயா, அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன்" என்றார். பக்கத்திலிருந்த மகள்தான் குறுக்கிட்டார்: கொல்லையில் துணி உலர்த்தப் போனால் பாதியிலேயே வேர்த்து ஊற்றுகிறதாம், வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிடுகிறாராம். இதயக் குழாயில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோவில் பார்த்தபோது ஸ்டென்ட்டுக்குள் சாயம் நூலிழையாக ஓடிக்கொண்டிருந்தது.

நெடுநாள் சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கிறது. பாதத்தில் முள் குத்தியது தெரியாமல் போவதற்கு எது காரணமோ, இதயத்தின் வலி தெரியாமல் போவதற்கும் அதுதான் காரணம். (தீமிதிக்க நேர்ந்துகொள்ளும் சர்க்கரை நோயாளிகளைக் கண்டால் எனக்குக் கலக்கமாக இருப்பதும் இதனால்தான்.) ஆகவே வலிக்காகக் காத்திருக்காதீர்கள். போன மாதம் ஏறிய படிகளில் இந்த மாதம் மூச்சு வாங்குகிறதா, காரணமில்லாமல் வேர்க்கிறதா, சோர்வு அசத்துகிறதா என்று பாருங்கள். நோயாளி மறைப்பார், வீட்டார் சொல்லுங்கள்.

திடீரென்று நேரும் ஆபத்து வேறு: ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து, நிமிடங்களில் குழாய் முழுவதும் அடைபட்டுப்போவது. இதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும். பொதுவாக, மாரடைப்புக்குப் பின் வைத்த ஸ்டென்ட் என்றால் ஒரு வருடமும், மற்றபடி ஆறு மாதமும் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். அதன் பிறகு பெரும்பாலோருக்கு ஒன்று மட்டும் தொடரும். புரட்டாசி விரதம், காவடி விரதம் என்று மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். கறியை விடுங்கள், மாத்திரையை விடாதீர்கள். பல் பிடுங்கப் போகிறவர்களும் தாமாக நிறுத்தாமல் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். விரத மாதத்தில் கறிக்குப் பதிலாகச் சோறும் உருளைக்கிழங்கும் இனிப்பும் ஏறிக்கொண்டே போனால் சர்க்கரை எங்கே நிற்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரையை மட்டும் அடக்கினால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். லிட்டருக்கு 1.4 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும். பலருக்கு மாத்திரை இல்லாமல் அது இறங்காது. சிகரெட்டை அறவே விட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எனக்கு பைபாஸ் நல்லதா?" சர்க்கரை நோயுடன் பல குழாய்களில் அடைப்பு உள்ள 1,900 பேரிடம் நடந்த ஃப்ரீடம் ஆய்வு 2012இல் வெளியானது. ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 16.3 சதவீதம், பைபாஸ் பிரிவில் 10.9 சதவீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம். நெஞ்சைத் திறப்பதற்கு யாருக்கும் மனம் வராது; இரண்டே நாளில் வீடு திரும்பலாம் என்ற ஆசையும் புரிகிறது. ஆனாலும் மூன்று குழாய்களிலும் அடைப்பு இருந்து, உடலும் அறுவையைத் தாங்கும் என்றால் நான் பைபாஸைத்தான் சொல்வேன்.

மறுஅடைப்பு வந்தால் மருந்து பூசிய பலூனை ஊதி விரிக்கலாம், அல்லது இன்னொரு ஸ்டென்ட் வைக்கலாம். முதலில் குழாய்க்குள் ஸ்கேன் செய்து, பழைய ஸ்டென்ட் முழுதாக விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக விரியாத ஸ்டென்ட்டுக்குள் இன்னொன்றைச் செருகினால் இடம் இன்னும் குறையும். அதே இடம் மூன்றாவது முறையும் அடைத்தால் நான் அறுவை மருத்துவரை அழைத்துவிடுவேன். "இன்னும் ஒன்று வைத்துப் பாருங்களேன்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். மறுப்பேன்.