ஏற்காட்டுக் குளிருக்குத் தனி ஆயில் போடணுமா?

மார்கழி பிறந்தால் சேலத்துப் பட்டறைகளில் இந்தக் கேள்வி வந்துவிடும். மேலே எஸ்டேட்டிலும் கடைவீதியிலும் வண்டி வைத்திருப்பவர்கள், "குளிருக்கு லேசான ஆயில் ஊத்திடலாமா?" என்பார்கள். வேண்டாம். கையேட்டில் போட்டிருக்கும் கிரேடே மலைக்கும் போதும்.

20டபிள்யூ-50 என்ற கிரேடில் முதல் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 20டபிள்யூ ஆயில் மைனஸ் 15 டிகிரியிலும், 10டபிள்யூ மைனஸ் 25லும் இன்ஜினைச் சுற்றவிடும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். ஏற்காடு எவ்வளவு நடுங்கினாலும் அந்தப் பக்கமே போகாது. ஜனவரியில் லடாக் போகிறவர் வேண்டுமானால் இதைப் பற்றிக் கவலைப்படலாம்.

ஆகவே விடியற்காலையில் வண்டி முக்கினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. டீசல் ஜீப்பில் ஹீட்டர் பிளக்கையும் சோதிக்க வேண்டும்.

மலை வண்டிக்கு உண்மையில் முக்கியம் இரண்டாவது எண். அது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்வது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆள் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறும்போது இன்ஜின் கடுமையாக உழைக்கும், அதைக் குளிர்விக்கும் எதிர்க்காற்றோ குறைவு. 40 கேட்கும் இன்ஜினில் 30 ஊற்றினால் பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்து தேய்மானம் கூடும். 30 கேட்கும் புது இன்ஜினில் 50 ஊற்றுவதும் தப்பு: காலை ஸ்டார்ட்டில் இன்ஜின் மேல்பகுதியிலுள்ள கேம் வரை ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது பழைய பட்டறை வித்தை. பிஸ்டன் ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான்.

கியர் பைக்குக்கு டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்றிருக்க வேண்டும். பைக்கில் கிளட்சும் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுவதால், கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு ஜாசோ எம்பி.

குளிர் ஆயிலைக் கெடுப்பது வேறு வழியில். எஸ்டேட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில் ஆயில் முழுதாகச் சூடேறுவதே இல்லை. எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீராவி உள்ளேயே படிந்து, ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைக் கிரீம் போலத் திரளும். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். கெடு வருவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். கூலன்ட்டும் சேர்ந்து குறைந்தால் அது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) கோளாறாக இருக்கலாம், வண்டியை ஓட்டாதீர்கள்.

அளவு பார்ப்பதிலும் மலையில் ஏமாறுவோம். சரிவில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவினால் அளவு தப்பாகக் காட்டும். சமதளத்தில், இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பைக் என்றால் சென்டர் ஸ்டாண்டில். டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டால் அடியில் சுழலும் கிராங்க் அடித்து ஆயில் நுரைத்துவிடும். கூடுதலானதை இறக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.